முழு ஷட்டவுனா, பாதி ஷட்டவுனா, திறக்காமலே சோதனையா? 11 கிலோவோல்ட் அறைக்கு எது சரி

பெங்களூர் வைட்ஃபீல்டு பக்கம் நாங்கள் குடியிருக்கும் வளாகத்தில் 340 வீடுகள். மின் வினியோக நிறுவனமான பெஸ்காமிடமிருந்து 11 கிலோவோல்ட்டில் மின்சாரம் வாங்கி, இரண்டு 1000 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர்களில் அதை 415 வோல்ட்டாக இறக்கிக்கொள்கிறோம். அந்த ஹெச்.டி. (உயர் அழுத்த மின்சார) அறையின் வருடாந்திரப் பராமரிப்புக்காக மூன்று ஒப்பந்ததாரர்களிடம் விலை கேட்டோம். மூவரும் மூன்று விதமான வேலை முறையைச் சொன்னார்கள். முதலாமவர் ஒரு ஞாயிறு முழுக்க வளாகத்தையே நிறுத்தச் சொன்னார். இரண்டாமவர், ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மராக நிறுத்தி வேலை செய்யலாம், யார் வீட்டிலும் விளக்கு அணையாது என்றார். மூன்றாமவர் எதையும் நிறுத்தாமல், கேமராவும் கருவியும் கொண்டு வெளியிலிருந்தே பார்த்துச் சொல்வதாக எழுதியிருந்தார்.

சங்கக் கூட்டத்தில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும்தான் கைகள் உயர்ந்தன. ஐ.டி. நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள், படுக்கையில் பெற்றோரை வைத்திருப்பவர்கள், குழந்தைக்கு ஆன்லைன் வகுப்பு உள்ளவர்கள் என்று ஒவ்வொருவரிடமும் நியாயமான காரணம் இருந்தது. பீன்யா தொழிற்பேட்டையில் 31 ஆண்டுகள் மின்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் கருத்துக் கேட்டார்கள். கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி மற்ற வளாகங்களிலும் சிறு தொழிற்சாலைகளிலும் எழும் என்பதால் எங்கள் வளாகத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

விலையையும் நேரத்தையும் ஒப்பிடுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். பிரேக்கரை அணைத்த பிறகு, அந்த அறையில் எங்கெங்கே இன்னும் மின்சாரம் இருக்கிறது? மூன்று முறைகளுக்கும் இடையே உள்ள உண்மையான வித்தியாசம் இதுதான்.

பிரேக்கரை அணைத்தாலும் எங்கே மின்சாரம் மிச்சம் இருக்கிறது

எங்கள் அறையில் பேனல்கள், அதாவது பிரேக்கர்கள் வைத்த இரும்பு அலமாரிகள், மூன்று ஒட்டி நிற்கின்றன. நடுவில் இருப்பது இன்கமர், மின்சாரம் உள்ளே வரும் பேனல். பெஸ்காமின் கேபிள் நிலத்தடியில் வந்து அதன் கீழ்ப்பகுதியில் முடிகிறது. இடமும் வலமும் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களுக்குப் போகும் ஃபீடர்கள். மூன்றையும் மேலே ஒரே பஸ்பார், அதாவது மின்சாரம் ஓடும் உலோகப் பட்டைகள், இணைக்கிறது.

இன்கமர் பிரேக்கரை அணைத்தால் பஸ்பாரும் ஃபீடர்களும் செத்துவிடும். ஆனால் இன்கமரின் கேபிள் பெட்டி சாகாது. சாலையோரத்தில் இருக்கும் பெஸ்காமின் ஸ்விட்ச் பெட்டியான ஆர்.எம்.யூ.விலிருந்து வரும் 11 கிலோவோல்ட் அங்கேயே நிற்கும். பேனலின் முன்பக்கத்தில் பச்சை விளக்கு எரியும், அம்மீட்டர் பூஜ்யம் காட்டும். பார்ப்பவருக்கு எல்லாம் அணைந்துவிட்டதாகத் தோன்றும். நம் கையில் உள்ள எந்த ஸ்விட்சாலும் அந்தக் கேபிள் பெட்டியை அணைக்க முடியாது. வினியோக நிறுவனத்தால்தான் முடியும்.

இதே போலத்தான் ஒரு ஃபீடர் பிரேக்கரை மட்டும் அணைத்தாலும். அந்த டிரான்ஸ்ஃபார்மர் நிற்கும், பஸ்பார் நிற்காது. அதே பேனலின் மேல் அறையில், ஓர் இரும்புத் தகட்டுக்கு அப்பால், மூன்று ஃபேஸும் ஓடிக்கொண்டிருக்கும்.

11 கிலோவோல்ட் என்பது இரண்டு ஃபேஸுக்கு இடையே. ஒரு ஃபேஸுக்கும் தரைக்கும் இடையே சுமார் 6,350 வோல்ட். வீட்டில் வைத்திருக்கும் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் 30 மில்லிஆம்பியரில் விழ வேண்டும் என்று வைத்திருப்பது, அதற்கு மேல் போனால் இதயத் துடிப்பே குலையலாம் என்பதால். 6,350 வோல்ட் ஓர் உடல் வழியாக ஆம்பியர் கணக்கில் பாயும். தொட வேண்டும் என்பதுகூட இல்லை. நெருங்கினாலே காற்றைத் தாண்டிப் பிடிக்கும். அதனால்தான் நம் நாட்டு விதிகள் 12 கிலோவோல்ட் வரையிலான திறந்தவெளிக் கருவிகளுக்குக் குறைந்தபட்ச வேலை இடைவெளியாக 2.60 மீட்டரை வைத்திருக்கின்றன. உயரமான ஆள் கையை மேலே நீட்டினால் வரும் தூரத்தைவிட இது அதிகம். இந்தக் கணக்கைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று விலைப்பட்டியல்களையும் படித்தால் அவை வேறு மாதிரித் தெரியும்.

முழு ஷட்டவுன்

இதில் பெஸ்காம் தன் ஆர்.எம்.யூ.வில் நமக்கு வரும் கேபிளைத் துண்டித்து, எர்த் செய்து, லைன் கிளியர், அதாவது லைன் அணைந்துவிட்டது, வேலை செய்யலாம் என்ற அனுமதி, கொடுக்கும். அதன் பிறகு ஹெச்.டி. அறையில் எந்த மூலையிலும் 11 கிலோவோல்ட் இல்லை. இன்கமர் கேபிள் முனை, பஸ்பார், இன்சுலேட்டர், பிரேக்கர், டிரான்ஸ்ஃபார்மர் புஷிங் (கம்பி உள்ளே நுழையும் இடத்துக் காப்பு) எல்லாவற்றையும் ஒரே நாளில் துடைத்து, முடுக்கி, மெகர் கருவியால் இன்சுலேஷன் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். மற்ற இரண்டு முறைகளில் பஸ்பாருக்கும் இன்கமர் கேபிள் முனைக்கும் கை போகவே போகாது. எங்கள் அறையில் அந்த இரண்டு இடங்களும் ஐந்து ஆண்டுகளாகத் திறக்கப்படவில்லை. பக்கத்து மனையில் மூன்று ஆண்டுகளாகக் கட்டடம் எழும்புகிறது. அந்தத் தூசி எங்கே போய்ப் படிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தூசி மட்டும் இருந்தால் பரவாயில்லை. மழைக்கால ஈரம் அதன் மேல் ஏறும்போதுதான் இன்சுலேட்டர் மேற்பரப்பில் மின்சாரம் ஊர ஆரம்பிக்கும்.

இதன் வேலை வரிசையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒப்பந்ததாரர் இதை எழுத்தில் தருகிறாரா என்பதுதான் அவரை மதிப்பிடச் சிறந்த வழி.

முதலில் 415 வோல்ட் பக்கத்துச் சுமையை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். பிறகு ஹெச்.டி. ஃபீடர்கள், கடைசியாக இன்கமர். சுமை ஓடும்போது ஐசொலேட்டரை இழுத்தால் பிளேடுகளுக்கு நடுவே நெருப்பு நிற்கும். அணைக்கும் வேலை பிரேக்கருடையது, பிரித்து வைக்கும் வேலை மட்டும்தான் ஐசொலேட்டருடையது. அதன் பிறகு பிரேக்கர் உட்கார்ந்திருக்கும் சக்கர வண்டியை, அதாவது டிராலியை, வெளியே இழுத்துப் பூட்டுப் போட வேண்டும். வேலை செய்கிற ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு பூட்டு, தன் சாவி தன் சட்டைப் பையில். ‘ஸ்விட்ச் போடாதே, ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ என்ற அட்டையை மட்டும் தொங்கவிடுவது போதாது. காற்றுக்கு விழும் அட்டையை நான் எத்தனையோ முறை பொறுக்கி மாட்டியிருக்கிறேன்.

அடுத்தது, மின்சாரம் இல்லை என்று நிரூபிப்பது. டிடெக்டரை முதலில் மின்சாரம் உள்ள ஓர் இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் மூன்று ஃபேஸிலும் வைத்து, மறுபடியும் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் டிடெக்டரே செத்துப்போயிருந்தால் கடைசிச் சோதனை காட்டிக்கொடுக்கும். முழு ஷட்டவுனில் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அறையில் எங்குமே 11 கிலோவோல்ட் இல்லாதபோது டிடெக்டரை எதில் வைத்துச் சோதிப்பது? அதற்கென்று பேட்டரியில் ஓடும் சோதனைக் கருவி உண்டு. உங்கள் ஒப்பந்ததாரரிடம் அது இருக்கிறதா என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்தே பதில் தெரிந்துவிடும். பேனலில் உள்ள மூன்று சிறு விளக்குகள் எரியவில்லை என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது; விளக்கே பழுதாகியிருக்கலாம்.

அதன் பிறகு டிஸ்சார்ஜ் ராடால் கேபிளில் மிஞ்சிய மின்னூட்டத்தை இறக்கி, எர்த் கட்ட வேண்டும். நீளமான நிலத்தடிக் கேபிள் ஒரு பெரிய கெப்பாசிட்டர் மாதிரி. துண்டித்த பிறகும் அடிக்கும். எர்த் கம்பியைத் தரைப் பக்கம் முதலில் மாட்டி, பிறகு ஃபேஸில் மாட்ட வேண்டும். கழற்றும்போது ஃபேஸ் முதலில், தரை கடைசியில். எத்தனை எர்த் கட்டினோம் என்பதை பெர்மிட் (வேலை அனுமதி) தாளில் எண்ணாக எழுத வேண்டும். ஒன்றை மறந்துவிட்டு லைனைக் கொடுத்தால், 11 கிலோவோல்ட் நேராக மண்ணில் போய் முட்டும்.

லைன் கிளியரில் ஒரு விதி எந்தச் சூழ்நிலையிலும் தளரக் கூடாது. யார் பெயரில் வாங்கப்பட்டதோ அவர்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். ‘4 மணிக்கு முடிந்துவிடும், 4 மணிக்கு லைனைக் கொடுத்துவிடுங்கள்’ என்று நேரம் பேசி வைப்பது கொலைக்குச் சமம். 3.50-க்கு ஒரு நட்டு கீழே விழுந்து, அதைத் தேடி ஒரு பையன் உள்ளே கையை விட்டிருப்பான். கடிகாரத்துக்கு அது தெரியாது.

இனி இந்த முறையின் பலவீனம். ‘முழு’ ஷட்டவுன் என்று சொல்லிவிட்டு, லிஃப்ட்டுக்காகவும் தண்ணீர் மோட்டாருக்காகவும் டீசல் ஜெனரேட்டரை ஓடவிடுகிறோம். அது 415 வோல்ட் பஸ்பாருக்குத்தான் மின்சாரம் கொடுக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரின் 415 வோல்ட் பக்கத்து பிரேக்கர் சரியாகப் பிரிக்கப்படாமல் இருந்தால், அந்த 415 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் தலைகீழாக நுழைந்து மறுபக்கம் 11,000 வோல்ட்டாக வெளியே வரும். டிரான்ஸ்ஃபார்மருக்கு எது முன் எது பின் என்ற பாகுபாடு கிடையாது. மொட்டைமாடிச் சோலார் உள்ள வளாகங்களில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்வாரிய மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும்படிதான் செய்திருக்கிறார்கள். ஆனால் ஜெனரேட்டர் ஓடினால் அதையே மின்வாரியம் என்று எடுத்துக்கொண்டு சில இன்வெர்ட்டர்கள் மறுபடி எழும். தானாக நிற்பதை நம்பி உள்ளே கை விட வேண்டாம். சோலாருக்கும் ஒரு பூட்டு.

ஆகவே முழு ஷட்டவுன் கேட்பவர், ஜெனரேட்டர் எத்தனை மணிக்கு, எந்தெந்த பிரேக்கர்கள் வெளியே இழுத்துப் பூட்டப்பட்ட பிறகு ஓடலாம் என்பதையும் எழுதித் தர வேண்டும். அதை எழுதாத முழு ஷட்டவுனைவிட, ஒழுங்காக எழுதிய பாதி ஷட்டவுன் மேல்.

பாதி ஷட்டவுன்

இதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. ஞாயிற்றுக்கிழமைப் பகல் சுமையை ஒரு டிரான்ஸ்ஃபார்மரே தாங்கும். ஒன்றை நிறுத்தி, இரண்டின் 415 வோல்ட் பக்கங்களையும் இணைக்கும் கப்ளர் வழியாக இரண்டாவதிலிருந்து எல்லா வீடுகளுக்கும் கொடுக்கலாம். பெஸ்காமுக்கு மனு, லைன் கிளியர், காத்திருப்பு எதுவும் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் வடிகட்டுவது, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை மாற்றுவது, புஷிங் துடைப்பது, உள்ளே கோளாறு வந்தால் காட்டிக்கொடுக்கும் புக்கோல்ஸ் ரிலேயைச் சோதிப்பது எல்லாம் இதில் நன்றாகவே நடக்கும். டிரான்ஸ்ஃபார்மர் தனி வேலிக்குள் தனியாக நிற்கிறது, ஹெச்.டி. கேபிளின் மறுமுனையை எர்த் ஸ்விட்ச் போட்டுப் பூட்டி, 415 வோல்ட் பக்கத்து பிரேக்கரையும் வெளியே இழுத்துப் பூட்டிவிட்டால், வேலிக்குள் இருப்பவரைச் சுற்றி மின்சாரமுள்ள பாகம் எதுவும் கிடையாது.

ஆபத்து பேனல் அறையில்தான். இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில், ஐந்து பேனல்களில் இரண்டாவதை மட்டும் நிறுத்தி, அதன் கேபிள் அறையைத் துடைக்கிற வேலை. எல்லாம் முறைப்படியே செய்திருந்தோம்: டிராலி வெளியே, எர்த் ஸ்விட்ச் உள்ளே, பூட்டு, பெர்மிட். முன்பக்கம் ஒவ்வொரு பேனலிலும் பெயர்ப் பலகை உண்டு. பின்பக்கம் ஒன்றும் கிடையாது. ஐந்து சாம்பல் நிறக் கதவுகள், ஒவ்வொன்றிலும் ஆறு போல்ட், ஒரே அளவு. முன்னால் நின்று பார்க்கும்போது இடமிருந்து இரண்டாவதாக இருப்பது, பின்னால் போனால் வலமிருந்து இரண்டாவது ஆகிவிடும். மதியச் சாப்பாடு முடிந்து திரும்பிய உதவியாளர் துணியும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு பின்னால் போனார். நான் டீ டம்ளரோடு மூலையைத் திரும்பியபோது நான்காவது போல்ட் அவர் கையில் இருந்தது. கழற்றிய மூன்றையும் தரையில் வரிசையாக வைத்திருந்தார், தொலைந்துவிடக் கூடாது என்று. கதவு கீழே இரண்டு போல்ட்டில் தொங்கி, மேலே ஒரு விரற்கடை விலகியிருந்தது. அவர் கழற்றிக்கொண்டிருந்தது நான்காவது பேனல். அது ஓடிக்கொண்டிருந்தது.

‘தம்பி, கையை எடு’ என்று மட்டும்தான் சொன்னேன். கத்தினால் பதறி ஸ்பேனரை உள்ளே போட்டுவிடுவாரோ என்ற பயம். அவர் திரும்பி, ‘என்ன அண்ணா?’ என்றார், சிரித்த முகத்தோடு. அதன் பிறகு இருவரும் வெளியே வந்து மரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். டீ அப்படியே ஆறிப்போனது.

அந்த நாளில் எந்த விதியும் மீறப்படவில்லை என்பதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. பாதி ஷட்டவுனில் செத்த பேனலும் ஓடும் பேனலும் ஒரே அறையில், ஒரே முகத்தோடு நிற்கின்றன. மனிதன் ஒரு முறை தவறுவான் என்று எடுத்துக்கொண்டுதான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓடும் பேனல்களின் முன்னும் பின்னும் கயிறு கட்டி மறைத்து, வேலை செய்யும் பேனலுக்கு மட்டும் வழி விட்டு, அந்த வழியில் வேறு வேலை எதுவும் இல்லாத ஒரு காவல் ஆளை நிறுத்த முடிந்தால் இந்த முறையைப் பரிசீலிக்கலாம். எங்களுக்கு வந்த இரண்டாவது விலைப்பட்டியலில் மொத்தம் மூன்று ஆட்கள். அதில் காவல் ஆள் இல்லை.

இன்னொன்று. பிரேக்கர் டிராலியை வெளியே இழுத்ததும் பின்னால் ஷட்டர் தகடுகள் இறங்கி பஸ்பார் முனைகளை மூட வேண்டும். பழைய பேனல்களில் அந்த ஷட்டர் பாதியில் சிக்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பாதி ஷட்டவுனில் அந்தத் தகட்டுக்குப் பின்னால் 11 கிலோவோல்ட் இருக்கிறது. டார்ச் அடித்து, மூடியிருக்கிறதா என்று பார்த்து, ஷட்டருக்கும் பூட்டுப் போட்ட பிறகே அடுத்த வேலை.

திறக்காமல் சோதிப்பது

மூன்றாவது முறையைப் பலர் ‘பராமரிப்பு’ என்று எண்ணுகிறார்கள். அது பரிசோதனை, மருத்துவரிடம் ஸ்கேன் எடுப்பது மாதிரி. தூசியை அது துடைக்காது, தளர்ந்த போல்ட்டை முடுக்காது. ஆனால் எங்கே தளர்ந்திருக்கிறது என்று சொல்லும்.

அல்ட்ராசவுண்ட் கருவியும், பேனலின் இரும்பு உடம்பில் ஒட்டவைத்துப் பார்க்கும் கருவியும் உள்ளே இன்சுலேஷனில் சிறு பொறிகள் நடக்கின்றனவா என்று கதவு மூடியிருக்கும்போதே கண்டுபிடிக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் எண்ணெய் மாதிரியில் கரைந்த வாயுக்களைப் பார்த்தால் உள்ளே நடப்பது தெரியும்: அசிட்டிலின் இருந்தால் பொறி அடிக்கிறது, எத்திலின் கூடினால் எங்கோ மிகையாகச் சூடாகிறது, ஹைட்ரஜன் மட்டும் கூடினால் இன்சுலேஷனில் சிறு அளவு மின்னிறக்கம். இந்தச் சோதனைகளுக்குப் பெங்களூரில் அலைய வேண்டியதில்லை. 1960-இல் தொடங்கிய மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம், சி.பி.ஆர்.ஐ., இங்கேதான் இருக்கிறது.

வெப்பக் கேமராவில்தான் ஏமாற்று இருக்கிறது. அது இரும்புக் கதவை ஊடுருவிப் பார்க்காது. கதவின் சூட்டைத்தான் காட்டும். அதற்கென்று வெப்பக்கதிரை வெளியே விடும் தனிச் சாளரம் பதித்த பேனலாக இருந்தால் சரி. இல்லாவிட்டால், கேமராக்காரர் ‘பின் கதவை மட்டும் கொஞ்சம் கழற்றிக் கொடுங்கள், சுமை ஓடும்போதே எடுத்தால்தான் படம் விழும்’ என்பார். எங்களுக்கு வந்த மூன்றாவது விலைப்பட்டியலில் கடைசிப் பக்கத்தில் இந்த வரி இருந்தது. எதையும் திறக்காத முறை என்று முதல் பக்கம் சொல்ல, கடைசிப் பக்கம் ஓடும் 11 கிலோவோல்ட்டின் கதவைத் திறக்கச் சொல்கிறது. அந்த நேரத்தில் உள்ளே ஒரு பல்லி ஓடினாலும் போதும். பொறி பற்றினால் அதன் வெப்பம் 20,000 டிகிரி செல்சியஸை நெருங்கும். உருகிய செம்பு ஆவியாகி வெளியே பாயும். சாதாரணப் பருத்திச் சட்டையோடு கேமராவைப் பிடித்து நிற்பவருக்கு விலக நேரம் கிடைக்காது.

ஆகவே 415 வோல்ட் பக்கத்துக்கும், டிரான்ஸ்ஃபார்மர் புஷிங்குகளை வேலிக்கு வெளியிலிருந்து பார்ப்பதற்கும் வெப்பக் கேமரா. ஹெச்.டி. பேனலுக்கு அல்ட்ராசவுண்ட் மட்டும். இந்த வரம்போடு ஏற்றால் மூன்றாவது முறை மிகவும் பயனுள்ளது.

ஓடும் லைனிலேயே கை வைத்து வேலை செய்வதும் ஒரு முறைதானே என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். உண்மைதான், கனகபுரா சாலையில் சோமனஹள்ளியில் அதற்கென்றே ஹாட்லைன் பயிற்சி மையம் இருக்கிறது. உலோக இழை கலந்த உடுப்பு அணிந்து 220, 400 கிலோவோல்ட் கோபுர லைன்களில் வேலை செய்யப் பழகும் இடம். அது திறந்த வெளியில், நீண்ட இன்சுலேஷன் கம்புகளோடு, நெடுநாள் பயிற்சி பெற்றவர்கள் செய்வது. ஓர் ஆள் திரும்ப இடமில்லாத நம் பேனல் அறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சொல்லும் உயிரைக் காக்கும்

என் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை செய்தவர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து 90 மைலுக்கும் மேல் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததே மூன்று ஆண்டுகள் கழித்து, 1905-இல்தான். இந்த மண்ணில் மின்சார வேலையில் தமிழனும் கன்னடனும் தெலுங்கனும் அன்று முதலே ஒன்றாக நின்றிருக்கிறார்கள். இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்களும் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் பெர்மிட் தாள் மட்டும் பல இடங்களில் இன்னும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர் அதைப் படிப்பதில்லை.

வாய்ச்சொல்லிலும் குழி இருக்கிறது. ‘லைனை எடுத்துவிட்டேன்’ என்றால் துண்டித்துவிட்டேன் என்று ஒருவர் சொல்வார். மின்சாரம் எடுத்துக்கொண்டேன் என்று இன்னொருவர் புரிந்துகொள்வார். ‘பிரேக்கரை மூடு’ என்பது அதைவிட மோசம். குழாயை மூடினால் தண்ணீர் நிற்கும். பிரேக்கரை மூடினால் மின்சாரம் பாயும். பொறியாளர் ஒன்றை எண்ணிச் சொல்ல, புதிதாக வந்த பையன் குழாயை எண்ணிச் செய்தால் என்ன ஆகும்? ‘ஆன்’, ‘ஆஃப்’ என்ற இரண்டு சொற்கள் எல்லா மொழிக்காரருக்கும் ஒரே பொருள் தருகின்றன. அவற்றை மட்டும் பயன்படுத்தி, பேனல் எண்ணோடு சேர்த்துச் சொல்லி, கேட்டவர் அப்படியே திருப்பிச் சொன்ன பிறகு கை வைப்பது என்று நாங்கள் வைத்துக்கொண்டிருக்கிறோம். பெர்மிட்டைக் கன்னடம், தமிழ், இந்தி மூன்றிலும் அச்சடித்துக்கொண்டோம். ஒடியாவுக்கு எங்கள் வளாகத்துப் பெண்மணி ஒருவர் எழுதித் தந்தார்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. 11 கிலோவோல்ட்டுக்கு வகை 2 கையுறை. அதன் அதிகபட்ச வரம்பு 17,000 வோல்ட். ஒவ்வொரு முறையும் மணிக்கட்டுப் பக்கத்தைச் சுருட்டிக் காற்றை அடைத்து, விரல் நுனியில் எங்காவது சீறுகிறதா என்று கன்னத்தருகே வைத்துப் பார்க்க வேண்டும். தரை விரிப்பு ஐ.எஸ். 15652 தரத்தில், 11 கிலோவோல்ட்டுக்கு உரிய வகை ‘பி’, 2.5 மில்லிமீட்டர் தடிமன். எங்கள் அறையில் கிடந்தது முத்திரை ஏதும் இல்லாத வெறும் கறுப்பு ரப்பர். ஒப்பந்ததாரரின் உரிமம் ஹெச்.டி. வேலைக்கு உரியதா, வருகிற மேற்பார்வையாளரிடம் தகுதிச் சான்றிதழ் இருக்கிறதா என்பதை மாநில மின் ஆய்வுத்துறை ஆவணத்தில் பார்த்தே வேலையைக் கொடுக்க வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளுக்குப் பதிலாக 2023-இல் புதியவை வந்துவிட்டன. பழையதையே மேற்கோள் காட்டும் ஒப்பந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.

எங்கள் தேர்வு

ஆண்டுக்கு ஒரு முறை முழு ஷட்டவுன். மழைக்காலம் முடிந்ததும் அல்ட்ராசவுண்டும் எண்ணெய்ச் சோதனையும். இடையில் டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் வேலை வந்தால், வேலிக்குள் முடிகிற வேலையாக இருந்தால், பாதி ஷட்டவுன். பேனலின் எந்தக் கதவும் அதில் திறக்கப்படாது. இதைத்தான் நான் எழுதிக் கொடுத்தேன். பேனல் அறை வேறு, டிரான்ஸ்ஃபார்மர் வேலி வேறு என்று பிரித்துக் காட்டிய பிறகு கூட்டத்தில் எதிர்ப்பு வெகுவாகக் குறைந்தது.

ஒரே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள சிறு தொழிற்சாலைக்கு இந்தக் கேள்வியே இல்லை. எப்படியும் உற்பத்தி நிற்கும், ஆகவே வினியோக நிறுவனத்திடம் லைன் கிளியர் வாங்கி முழுமையாகவே செய்துவிடுங்கள். மருத்துவமனை போல நிறுத்தவே முடியாத இடங்களில் இரண்டு தனி இன்கமர்களும் நடுவில் பஸ் கப்ளரும் இருந்தால், ஒரு பாதியை முழுதாகச் சாகடிக்க முடியும். அங்கே இரண்டு பாதிகளுக்கும் நடுவே சுவரோ தடுப்போ இருக்கிறதா என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

எங்களுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு, காலை 6 மணி. முதல் மூன்று மணி நேரம் ஜெனரேட்டரும் ஓடாது. ஏழாம் மாடியில் ஆக்சிஜன் கருவியோடு இருக்கும் அம்மாவுக்கு முந்தின நாளே சிலிண்டர் வந்துவிடும். அவர் மகன் உடனிருப்பார். தண்ணீர்த் தொட்டிகளை சனி இரவே நிரப்பிவிடுவோம். பூட்டுகள் எட்டு வாங்கியாயிற்று, எட்டு நிறத்தில்.

நேற்று மாலை எங்கள் எலெக்ட்ரீஷியனும் நானும் பேனல் அறையின் பின்பக்கத்தில் மஞ்சள் பெயின்டால் எண் எழுதினோம். அந்தக் கதவுகள் ஒரே அளவு. கழற்றினால் இடம் மாறி மாட்டிவிடலாம். அதனால் கதவில் ஓர் எண், கதவைக் கழற்றினாலும் நகராத சட்டத்தில் அதே எண், முன்பக்கப் பெயர்ப் பலகையோடு ஒத்துப் பார்த்து. எழுதி முடித்த பிறகு நான் முன்னால் நின்று பேனல் பெயரைச் சொல்ல, அவர் பின்னால் நின்று எண்ணைச் சொன்னார். மூன்று முறை.